பன்னிரண்டு டிரம் பஞ்சகவ்யம்

துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு வீட்டுத் தோட்டம் பற்றி ஒரு மணி நேரம் பேசச் சொல்லி அழைத்தார்கள். மேடையேறினால் தலைப்பை விட்டு ஓடிவிடுவேன், அதனால் எழுதிக் கொடுத்துவிடுகிறேன். பாத்தியின் அகலம், விதையின் ஆழம், எந்தப் பட்டத்தில் எதை ஊன்றுவது என்பதெல்லாம் துறையின் கையேட்டில் இருக்கிறது. அதை நீங்களே படித்துக்கொள்வீர்கள். நான் சொல்லப்போவது கையேட்டில் இல்லாதது. ஒரு சித்திரை மாத நண்பகலில் நான் ஒரு ஊரையே வீட்டைவிட்டு ஓட வைத்தேன். சாணியால்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த வருடங்கள் அவை. சிவகாசியில் உதவித் தோட்டக்கலை அலுவலராக இருந்தேன். காரியாபட்டிப் பக்கம் பருத்தி போட்ட குடும்பம் எங்களுடையது. தெளிப்பான் வாசனையில் வளர்ந்தவள் நான். படித்ததும் ரசாயன உரக் கணக்குதான். திடீரென்று ஒருநாள் மதுரைக்கு அனுப்பி மூன்று நாள் இயற்கை விவசாயப் பயிற்சி கொடுத்தார்கள். நான்காம் நாள் திரும்பி வந்தபோது மேசைமேல் உத்தரவு இருந்தது. பட்டாசுத் தொழிலாளர் குடும்பங்களுக்கு இயற்கை முறையில் வீட்டுத் தோட்டம் போடக் கற்றுத்தர வேண்டும். முதல் கட்டமாகப் பன்னிரண்டு வீடுகள்.

அதுவரை நான் என் வீட்டில் ஒரு மிளகாய்ச் செடிகூட வளர்த்ததில்லை. மாடியில் வாடகை வீடு. தொட்டியில் ஒரு கற்றாழை இருந்தது, அதுவும் வீட்டுக்காரருடையது. ஆனால் கையில் பயிற்சிச் சான்றிதழ் இருந்ததால், இந்த உலகத்தில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்ற நினைப்போடு கிளம்பினேன்.

விஸ்வநத்தம் பக்கத்தில் ஒரு சின்னக் குடியிருப்பு. பெயர் வேண்டாம். முன்னால் காட்டு வேலைக்கு, அதாவது விவசாயக் கூலிக்குப் போன குடும்பங்கள், இப்போது ஆணும் பெண்ணும் பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சமுதாயக் கூடத்தில் வகுப்பு வைத்தேன். முப்பது பெண்கள் வந்திருந்தார்கள். நான் எழுந்து நின்று, பயிற்சியில் சொல்லித்தந்த அதே உற்சாகத்தோடு ஆரம்பித்தேன்.

"இன்னைக்கு நாம எல்லாரும் வீட்டிலேயே மருந்து தயாரிக்கிறது எப்படின்னு கத்துக்கப் போறோம்."

பின் வரிசையில் ஒருத்தி எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள். இன்னொருத்தி பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே போனாள். அவளைப் பார்த்து நாலைந்து பேர் போனார்கள். நான் புரியாமல் நின்றேன்.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் மெல்ல எழுந்து என் பக்கத்தில் வந்தாள். நாற்பது வயது இருக்கும். பெயர் பேச்சியம்மாள் என்று பிறகு தெரிந்தது. பதினைந்து வருடமாகக் கம்பெனியில் வெடிக்குள் மருந்து செலுத்துகிற வேலை.

"மேடம், கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. இங்கன வீட்ல வச்சு மருந்து செய்யிறது குத்தம். போலீஸ் வந்து பிடிச்சிட்டுப் போயிருவாக."

அந்த மண்ணில் மருந்து என்றால் வெடிக்குள் போகிற மருந்து. டாக்டர் தருவதும் செடிக்குத் தெளிப்பதும் அதற்கு அப்புறம்தான். நான் பதறிப்போய், "ஐயோ, வெடிக்கு இல்ல! பூச்சிக்கு!" என்றேன்.

"பூச்சிக்கா வெடி?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் நிஜமான அக்கறையோடு கேட்டது.

விளக்கிச் சொல்லி, போனவர்களைத் திரும்ப அழைத்து உட்கார வைக்க அரை மணி நேரம் ஆனது. ஆனால் ஒன்றைத் திரும்ப அழைக்க முடியவில்லை. சிவகாசியில் காலையில் அச்சகத்தில் எழுதிக் கொடுத்தால் சாயங்காலம் நோட்டீஸ் கைக்கு வந்துவிடும். என் நோட்டீஸும் ஏற்கெனவே வந்து, ஊர்ச் சுவரிலெல்லாம் ஒட்டப்பட்டிருந்தது. சிவப்பு எழுத்தில், 'வீட்டிலேயே மருந்து தயாரிப்போம்! ஆபத்து இல்லை!' கீழே என் அலுவலகத்தின் பெயர்.

அடுத்து டிரம். பஞ்சகவ்யம் கரைக்க வாயகன்ற பாத்திரம் வேண்டும். சாணி, கோமியம், பால், தயிர், நெய், அதோடு வாழைப்பழம், இளநீர், நாட்டுச் சர்க்கரை எல்லாம் கலந்து புளிக்கவிட்டால் செடிக்கு நல்ல ஊட்டம். கையேட்டில் மண்பானை என்று போட்டிருந்தது. அத்தனை பெரிய மண்பானைக்கு எங்கே போவது? பழைய டிரம் வியாபாரம் செய்கிற ஷாஜகான் பாயிடம் போனேன். நல்ல மனிதர். திருகுமூடி போட்ட நீல டிரம் பன்னிரண்டு எடுத்து வைத்தார்.

"சோடா உப்புப் போட்டு மூணு தண்ணி கழுவுனது மேடம். நம்பி எடுத்துட்டுப் போங்க. மூடி மட்டும் இரும்பு மாதிரி. ஒரு சொட்டு ஒழுகாது."

அச்சகங்களுக்கு மை கரைக்கிற திரவம் வந்த டிரம்கள். ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் ஆரஞ்சு நிறக் கட்டத்துக்குள் நெருப்புப் படம். சுரண்டிப் பார்த்தேன், போகவில்லை. அதன்மேல் திட்டத்தின் பெயர் அச்சடித்த தாளைப் பசை தடவி ஒட்டினேன். இயற்கைத் தோட்டத்தை இப்படியொரு டிரம்மில் ஆரம்பிக்கலாமா என்று ஒரு நொடி தோன்றியது. அந்த நொடியைத் தள்ளிவிட்டு வேலையைப் பார்த்தேன். உங்களுக்கும் அப்படி நொடிகள் வரும். தள்ளிவிடாதீர்கள்.

செய்முறை வகுப்பில் இரண்டு சிக்கல் வந்தது. பஞ்சகவ்யத்தைத் துணியால் மூடிவைத்து, காலையிலும் மாலையிலும் கலக்கிவிட வேண்டும். இந்தப் பெண்கள் விடிந்ததும் கம்பெனி வேனில் ஏறினால் பொழுது சாயத்தான் வருவார்கள். யார் கலக்குவது? அடுத்தது நாற்றம். சின்ன வீடுகள். துணியால் மூடினால் பக்கத்து வீட்டோடு சண்டை வரும் என்றார்கள்.

எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். தெரியாது, கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். மதுரைக்கு ஒரு போன் போட்டிருந்தால் போதும். ஆனால் முப்பது பேர் பார்க்கும்போது தெரியாது என்ற வார்த்தை வாயில் வரவில்லை.

"ஒண்ணும் பிரச்சினை இல்ல. எல்லாத்தையும் ஒரே நாள்ல கலந்து, மூடியை நல்லா இறுக்கி மூடிருங்க. பத்து நாளைக்குத் தொடவே வேண்டாம். தானாப் புளிச்சிரும். நாத்தமும் வராது."

எல்லோருக்கும் நிம்மதி. பேச்சியம்மாள் மட்டும் கை தூக்கினாள்.

"மேடம், புளிக்கிற சாமானை இம்புட்டு இறுக்கி மூடலாமா? காத்துப் போக ஒரு வழி வேணாமா?"

"பேச்சியம்மா, இது சாணி. உங்க கம்பெனிச் சரக்கு இல்ல. பயப்படாம மூடுங்க."

கூடமே சிரித்தது. அவளும் சிரித்துவிட்டு உட்கார்ந்தாள். பதினைந்து வருடமாக எதை எவ்வளவு இறுக்கினால் என்ன ஆகும் என்பதையே வேலையாகச் செய்த ஒருத்தியிடம், மூன்று நாள் பயிற்சி பெற்ற நான் சொன்ன பதில் அது.

எட்டாவது நாள் நண்பகல். சித்திரை வெயில். பேச்சியம்மாள் கம்பெனியில் இருக்கிறாள். அவள் கணவர் லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு வெளியூர் போயிருக்கிறார். பள்ளிக்கூடம் லீவு என்பதால் இரண்டு பெண் பிள்ளைகளும் தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டின் பின்புறம் தகரம் வேய்ந்த குளியல் மறைப்பில் இருந்த டிரம் வெடித்தது.

அந்தச் சத்தத்தை நான் கேட்கவில்லை. கேட்டவர்கள் சொன்னதைத்தான் சொல்கிறேன். மூடி தகரக் கூரையைத் துளைத்துக்கொண்டு போய் மூன்றாம் வீட்டு மாடியில் விழுந்திருக்கிறது. தகரம் அதிர்ந்ததில் சத்தம் இரண்டு மடங்காகக் கேட்டிருக்கிறது.

வேறு ஊராக இருந்தால் எட்டிப் பார்த்திருப்பார்கள். அங்கே அப்படி ஒரு சத்தத்துக்கு ஒரே அர்த்தம்தான். அப்படிக் கேட்டால் வீட்டில் இருக்கிறவர்கள் கம்பெனியைப் பார்த்து ஓடுவார்கள். அன்றும் ஓடினார்கள். ஆனால் கம்பெனியில் இருந்தவர்களுக்குச் சத்தம் ஊர்ப்பக்கமிருந்து கேட்டிருக்கிறது. வேலையைப் போட்டுவிட்டு அவர்கள் ஊரைப் பார்த்து ஓடிவந்தார்கள். இரண்டு கூட்டமும் நடுவழியில், பாதை பிரிகிற கருவேலங்காட்டு விலக்கில் முட்டிக்கொண்டு நின்றன.

"எந்தக் கம்பெனி? எத்தனை பேரு?" என்று ஊர்க் கூட்டம் அழுதுகொண்டே கேட்டது.

"நாங்க எல்லாரும் இருக்கோம். ஊர்ல யாருக்கு என்னாச்சு?" என்று கம்பெனிக் கூட்டம் கேட்டது.

"ஊர்ல ஒண்ணுமில்லையே. உங்க பக்கந்தான கேட்டுச்சு?"

"இல்லையே, உங்க பக்கந்தான்!"

பேச்சியம்மாள் அந்தக் கூட்டத்துக்குள் புகுந்து இரண்டு பிள்ளைகளின் பெயரையும் மாறி மாறிக் கூவியிருக்கிறாள். கூட்டத்தின் இரண்டு மூலையிலிருந்து இரண்டு பேரும் "அம்மா" என்ற பிறகுதான் தரையில் உட்கார்ந்திருக்கிறாள். இதை அவள் எனக்குச் சொல்லவில்லை, பக்கத்தில் நின்றவர்கள் சொன்னார்கள். கதையில் எனக்கு இன்றும் சிரிப்பு வராத இடம் இது ஒன்றுதான்.

எங்கே வெடித்தது என்று யாருக்கும் தெரியாமல் முந்நூறு பேர் நின்றிருந்தபோது, ஊருக்குள்ளிருந்து ஒரு வெள்ளாடு மெதுவாக நடந்து வந்தது. கொம்பிலிருந்து வால்வரை பச்சையும் பழுப்புமாகப் பூசியிருந்தது. மேலே நெய் மினுமினுத்தது. காதில் ஒரு வாழைப்பழத் துண்டு. கூட்டம் அதைப் பார்த்தது. அது கூட்டத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தது. எல்லோரும் ஆட்டின் பின்னால் போனார்கள். அது பேச்சியம்மாள் வீட்டுப் பின்கட்டில் போய் நின்றது.

எனக்கு அலுவலகத்துக்குப் போன் வந்தது. "உங்க திட்டத்து வீட்டுல வெடிச்சிருச்சு, வாங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்கள். வீட்டுத் தோட்டத்தில் வெடிக்க என்ன இருக்கிறது என்று யோசித்துக்கொண்டே ஸ்கூட்டியை ஓட்டினேன். பாதி வழியில் மூடி ஞாபகம் வந்தது. ஸ்கூட்டியை இன்னும் முறுக்கினேன்.

போய்ச் சேர்ந்தபோது தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸ், போலீஸ் ஜீப் மூன்றும் நின்றன. கயிறு கட்டி யாரையும் விடவில்லை. சப்-இன்ஸ்பெக்டர் வாயில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, பின்கட்டில் பிளந்து கிடந்த டிரம்மைச் சுற்றிச் சுற்றி வந்தார். வெயிலில் நான் ஒட்டிய தாள் உரிந்து, நெருப்புப் படம் பளிச்சென்று தெரிந்தது. அவர் கையில் சுவரிலிருந்து கிழித்த என் நோட்டீஸ்.

"இதை அடிச்சது நீங்களா?"

"ஆமா சார்."

"வீட்டிலேயே மருந்து தயாரிப்போம். ஆபத்து இல்லை." நிறுத்தி நிதானமாக வாசித்தார். "என்ன தைரியம் உங்களுக்கு? சரி, உள்ள என்னென்ன கலந்தீங்க? ஏட்டய்யா, எழுதிக்கோங்க."

"சாணி, கோமியம்..."

"அப்புறம்?"

"பால், தயிர், நெய்."

ஏட்டு எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"அப்புறம்?"

"வாழைப்பழம், இளநீர், நாட்டுச் சர்க்கரை."

"ஏம்மா, நான் வெடிச்ச சாமானைக் கேட்டா, நீங்க கோயில் பிரசாதத்தைச் சொல்றீங்க?"

அந்த நேரத்தில்தான் பக்கத்துக் கம்பெனியின் போர்மேன் ஒருவரை அழைத்து வந்தார்கள். கடைசிவரை அவர் பெயரை நான் கேட்டுக்கொள்ளவில்லை. என் உத்தியோக வாழ்க்கையில் எனக்கு மிகவும் உபயோகமான ஒரு வாக்கியத்தைச் சொன்னவர் அவர். அதைப் பிறகு சொல்கிறேன். அவர் டிரம்முக்குள் குனிந்து மோந்தார். விரலால் தொட்டு வெயிலில் பார்த்தார்.

"இது மருந்து இல்லைங்கய்யா. நம்ம மருந்து இந்த நாத்தம் நாறாது."

"பிறகு எப்படிய்யா வெடிச்சது?"

"அதுதான் எனக்கும் புரியல" என்றார்.

சப்-இன்ஸ்பெக்டருக்குப் புரியாததை வைத்து அறிக்கை எழுத முடியாது. பேச்சியம்மாளை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் விசாரிக்கப் போவதாகச் சொன்னார். வீட்டுக்குச் சீல் வைக்கவும் ஆள் அனுப்பினார். கம்பெனியிலிருந்து ஒருவர் வந்து, போலீஸ் பேப்பர் வரும்வரை அவள் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். கள்ளத்தனமாக மருந்து செய்தாள் என்று ஒரு வார்த்தை எழுதப்பட்டுவிட்டால் அந்தப் பகுதியில் எந்தக் கம்பெனி வாசலும் அவளுக்குத் திறக்காது.

என் செல்போன் அடித்தது. எங்கள் உதவி இயக்குநர். டிரம்மை இறுக்கி மூடியிருந்ததை அதற்குள் யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள்.

"என்னம்மா இது, கலெக்டர் ஆபீஸ்ல இருந்து கேக்குறாங்க. இறுக்கி மூடணும்னு நம்ம கையேட்டுல இருக்கா?"

"இல்ல சார்."

"அப்ப நமக்கு என்ன? பயனாளியின் கவனக்குறைவுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டு வந்திருங்க."

உங்களிடம் மறைக்க மாட்டேன். ஏட்டிடம் ஒரு தாள் வாங்கி, ஜீப்பின் பானட்மேல் வைத்து எழுத ஆரம்பித்தேன். 'பயனாளி திருமதி பேச்சியம்மாள் என்பவர் துறையின் அறிவுரைக்கு மாறாக' என்பதுவரை எழுதினேன். என் எழுத்து எப்போதும் கோணலாக இருக்கும். அன்று அந்த ஒரு வரி மட்டும் அச்சடித்ததுபோல் அழகாக வந்திருந்தது.

பின்னால் சப்-இன்ஸ்பெக்டர் கேட்டது காதில் விழுந்தது. "ஏம்மா, மூடியை இம்புட்டு இறுக்கி மூடச் சொன்னது யாரு?"

பேச்சியம்மாள் என்னைப் பார்க்கக்கூட இல்லை. "நாந்தான் மூடுனேன்யா. யாரும் சொல்லல" என்றாள்.

அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மேடத்துக்கு எதிராகச் சொன்னால் திட்டம் போய்விடும் என்று நினைத்தாளோ, பெரிய ஆட்களைக் காட்டிக்கொடுத்து வேலையாகாது என்று நினைத்தாளோ. நான் தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டு அவர்களிடம் போனேன்.

"சார், நான்தான் இறுக்கி மூடச் சொன்னேன். காத்துப் போக வழி வேணாமான்னு இவங்க கேட்டாங்க. முப்பது பேர் முன்னாடி கேட்டாங்க. நான் கேலி பண்ணி உட்கார வச்சுட்டேன். புளிக்கும்போது காத்து உண்டாகும். வெயில்ல அது போக வழியில்லாம வெடிச்சிருச்சு. தப்பு என்னோடது. எழுதித் தர்றேன்."

சப்-இன்ஸ்பெக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சாணி வெடிக்கும்னு சொல்றீங்க."

"மூடினா வெடிக்கும் சார். பன்னிரண்டு வீட்லயும் இப்படித்தான்..." என்று சொல்லும்போதே என் வாய் நின்றுவிட்டது.

அவருக்கும் அதே நேரத்தில் உறைத்தது. "பன்னிரண்டா? அப்ப மிச்சம் பதினொண்ணு எங்க?"

கயிற்றுக்கு வெளியே நின்ற கூட்டத்துக்கு அது கேட்டுவிட்டது. ஒருவர் வீட்டை இன்னொருவர் கைகாட்டினார்கள். பிறகு எல்லோரும் ஒன்றாக ஓட ஆரம்பித்தார்கள். ஆனால் எந்தப் பக்கம் ஓடினாலும் அங்கே ஒரு டிரம் வீடு இருந்தது. கிழக்கே ஓடியவர்கள் திரும்பி மேற்கே வந்தார்கள். மேற்கே போனவர்கள் கிழக்கே வந்தார்கள். "ஏலே, நடுவுல நில்லுங்கலே!" என்று யாரோ கத்த, ஊர் முழுவதும் தெருக்குழாயடியில் ஒரு வட்டமாக நின்றது. ஆடும் நின்றது. அதைச் சுற்றி மட்டும் கொஞ்சம் இடம் விட்டிருந்தார்கள்.

எல்லா டிரம்மும் ஒரே நாளில் மூடியவை. எந்த நிமிடமும் அடுத்தது வெடிக்கலாம். தீயணைப்பு அதிகாரி, தீப்பிடித்தால்தான் தங்கள் வேலை என்றார். வெடிபொருள் நிபுணர் வர மறுநாள் ஆகும் என்றார்கள். நான் ஒன்றும் யோசிக்காமல் பக்கத்து வீட்டை நோக்கி ஓடினேன். போர்மேன் என் முன்னால் வந்து நின்றார்.

"மேடம், நில்லுங்க. முதல்ல வெளிய ஓடி வர்ற வழியப் பார்த்து வச்சுக்கோங்க. பிறகு உள்ள போங்க."

அந்த வாக்கியம் இதுதான். டிரம்முக்கு மட்டுமல்ல, அதன்பிறகு கலவரமான கூட்டங்கள், தப்பான உத்தரவுகள், கோபமான விவசாயிகள் எல்லாவற்றுக்கும் எனக்கு அது உதவியிருக்கிறது.

"ரெண்டு பேருக்கு மேல உள்ள போகக் கூடாது" என்றும் சொன்னார். என்னோடு வரப்போகிற இரண்டாவது ஆள் யார் என்று நான் திரும்பிப் பார்ப்பதற்குள் பேச்சியம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து நின்றாள். கையில் நனைத்த சாக்கு.

"வாங்க மேடம். ஒரேயடியாத் திருகக் கூடாது. மேல ஈரச் சாக்கைப் போட்டு, முகத்தை அங்கிட்டு வச்சுக்கிட்டு, தலைமயிர் அளவுக்குத் தளர்த்தணும். சத்தம் வந்தா நிப்பாட்டிரணும். அது அடங்குன பெறகு அடுத்த திருகு. அவசரப்பட்டீகன்னா போச்சு."

முதல் வீட்டில் டிரம் பலாப்பழம் மாதிரி உப்பியிருந்தது. அவள் சொன்னபடி செய்தோம். புஸ்ஸென்று மூச்சு விட்டது. வெளியே நின்ற கூட்டம் அந்தச் சத்தத்துக்கு இருபது அடி பின்னால் போனது. ஐந்து நிமிடம் கழித்து மூடி கையோடு வந்தது. நான் வாழ்க்கையில் அப்படி ஒரு நாற்றத்தை அதற்கு முன்னும் பின்னும் முகர்ந்ததில்லை. ஆனால் மோந்தபோது அழுகை வருகிற அளவுக்கு நிம்மதியாக இருந்தது.

மூன்றாவது வீட்டில் எவ்வளவு தளர்த்தியும் சத்தமே வரவில்லை. அதுதான் மிக ஆபத்து என்று பேச்சியம்மாள் என்னை வாசல் நடையில் படுக்கச் சொன்னாள். படுத்தேன். அவள் சுவரோரம் ஒண்டிக்கொண்டு கம்பால் மூடியைத் தட்டிவிட்டாள். உள்ளே ரேஷன் அரிசி. வீட்டுக்காரி வாசலிலிருந்து கத்தினாள்: "டிரம்மு நல்லா இருந்துச்சு மேடம், எலி கடிக்காதுன்னு..." அந்த எட்டு நாளில் இரண்டு முறை என்னிடம், பஞ்சகவ்யம் நன்றாகப் புளித்து வருகிறது என்று சொன்னவள் அவள்.

ஐந்தாவது வீட்டில் டிரம்முக்கு நேர் மேலே தொட்டில் கட்டியிருந்தது. வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் அதுதான் என்று இரண்டையும் அங்கே வைத்திருக்கிறார்கள். பிள்ளை தாயின் தோளில் வெளியே பத்திரமாக இருந்தது. இருந்தும் நான் அந்தக் காலித் தொட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றேன். பேச்சியம்மாள் என் கையைப் பிடித்து டிரம்மின்மேல் வைத்தாள். "திருகுங்க மேடம், நெனைக்கிறதுக்குப் பெறகு நேரம் இருக்கு" என்றாள்.

எட்டாவது வீட்டுக்கு வந்தபோது சப்-இன்ஸ்பெக்டருக்குப் பொறுமை போய்விட்டது. ஏழு டிரம்முக்கு ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. "ஒரு சாணி டிரம்மைத் திறக்க இம்புட்டு நேரமா? தள்ளுங்க" என்று உள்ளே வந்தார்.

"ஐயா, சாக்கைப் போட்டுக்கோங்க" என்றாள் பேச்சியம்மாள்.

"எல்லாம் எனக்குத் தெரியும்."

நான் எட்டு நாள் முன்னால் சொன்ன பதிலின் இன்னொரு வடிவம்தான் அது. தடுக்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் இரண்டு கையாலும் பிடித்து முழுசாக ஒரு சுற்று சுற்றிவிட்டார்.

மூடி கூரைக்குப் போனது. டிரம்மில் இருந்தது அவர்மேல் வந்தது. காயமில்லை. தொப்பி, பெயர்ப்பட்டை, மீசை எதுவும் தெரியவில்லை. வாசலில் நின்ற ஏட்டு வணக்கம் வைப்பதா வேண்டாமா என்று கையைப் பாதியில் நிறுத்தினார்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மிக அமைதியாக, "ஏட்டய்யா, எழுதிக்கோங்க. வெடிச்சது மருந்து இல்ல" என்றார். தீயணைப்பு வண்டிக்காரர்கள் அன்று செய்த ஒரே வேலை, அவர்மேல் தண்ணீர் அடித்ததுதான். மிச்சம் மூன்று டிரம்மையும் நாங்கள் இரண்டு பேரும் நிதானமாகத் திறந்தோம். அவசரப்படுத்த யாரும் இல்லை.

இரண்டு நாளில் அவர் கைப்பட எழுதிய பேப்பர் கம்பெனிக்குப் போனது. டிரம்மில் இருந்தது வெடிபொருள் அல்ல என்பதை 'நேரில் உறுதி செய்துகொண்டேன்' என்று எழுதியிருந்தார். பேச்சியம்மாள் வேலைக்குத் திரும்பினாள். எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தேன். கண்டித்து ஒரு வரி எழுதிப் பணிப்பதிவேட்டில் சேர்த்தார்கள். நான் ஓய்வுபெறும்வரை அது அங்கேயே இருந்தது.

அடுத்த ஞாயிறு வகுப்புக்கு யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்துப் போனேன். ஐம்பது பேர் வந்திருந்தார்கள். கரும்பலகையை ஓரமாக வைத்துவிட்டு, "எனக்கு இதுல பாதி தெரியாது. எனக்குத் தெரிஞ்சதை நான் சொல்றேன், உங்களுக்குத் தெரிஞ்சதை நீங்களும் சொல்லுங்க" என்று ஆரம்பித்தேன். மூடிக்குப் பதில் துணி, வேலைக்குப் போகாத கிழவர்கள் முறை வைத்துக் கலக்குவது, டிரம்மை வேப்பமர நிழலில் ஊருக்குப் பொதுவாக வைப்பது, எல்லாம் அவர்கள் சொன்னதுதான். என் சான்றிதழில் இருந்து வந்தது பத்து லிட்டர் தண்ணீருக்கு எவ்வளவு பஞ்சகவ்யம் என்கிற அளவு மட்டும்.

ஆனி மாதம் முதல் வெண்டைக்காய் வந்தது. ஒரு மத்தியானம் பேச்சியம்மாள் கம்பெனியிலிருந்து அரை நாள் லீவு சொல்லிவிட்டு, ஒரு மஞ்சள் பை நிறைய வெண்டைக்காயோடு அலுவலகத்துக்கு வந்தாள். அன்று எங்கள் உதவி இயக்குநர் வந்திருந்தார். பையைப் பார்த்ததும் அவருக்கு ஒரே சந்தோஷம். போட்டோ எடுக்க ஆள் அனுப்பினார்.

"ரசாயனம் ஒரு சொட்டுக்கூடப் படலையேம்மா? நூறு சதவீதம் இயற்கைதானே?" என்று கேட்டார்.

பேச்சியம்மாள் பையை மேசைமேல் வைத்துவிட்டு இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். அலுமினியப் பொடி ஏறி, ரேகைகளெல்லாம் வெள்ளியாக மின்னின. எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத மினுமினுப்பு.

"செடியில ஒண்ணும் படலைங்கய்யா. பறிச்சது இந்தக் கைதான். நல்லாக் கழுவிட்டுச் சமைங்க."

வெண்டைக்காயை எடுக்க நீட்டிய கையை அவர் மெதுவாக மடக்கிக்கொண்டார். போட்டோக்காரர் வந்து, யாரை எடுப்பது என்று கேட்டார். நான் பையை எடுத்துக்கொண்டுபோய்க் குழாயடியில் இரண்டு தண்ணீர் விட்டுக் கழுவினேன். அதிலிருந்து ஒரு பிஞ்சை எடுத்து, அவள் பார்க்க, அங்கேயே நின்று பச்சையாகக் கடித்துத் தின்றேன்.